சமாதானக் கூட்டத்துக்கு ஒரு கும்மி மெட்டு

இரண்டு மாநில அதிகாரிகள் எதிரெதிரே உட்கார்ந்து பேசப்போகிற கூட்டத்துக்கு என்ன பாட்டுப் போடுவது? கூடலூரில் இருபது வருடமாக மைக்செட் வைத்திருக்கிறேன். காதுகுத்து, கட்சிக் கூட்டம், பூப்புனித நீராட்டு, எதற்கு எந்தப் பாட்டு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இதற்கு மட்டும் எனக்கு விடை தெரியவில்லை.

அணைத் தண்ணீர்த் தகராறு முற்றி, எல்லையில் வண்டி மறிப்பு நடந்து, குமுளிக்கு மேலே ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிப் போகிற ஜீப்புகள் நின்றுபோன நேரம் அது. ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. என் மனைவியும் அந்த ஜீப்பில் போகிறவள்தான். ஜீப்பை மறுபடி விடுவது பற்றிப் பேசத்தான் எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில் இரண்டு பக்கத்து அதிகாரிகளும் வியாபாரிகளும் கூடினார்கள்.

முதல் நாளே நம் பக்கத்து அதிகாரி என்னைக் கூப்பிட்டு விட்டார். சினிமாப் பாட்டு கூடாது, நடித்தவர் எந்தக் கட்சி என்று பேச்சு வரும். சாமிப் பாட்டு கூடாது, வருகிறவர்களில் மூன்று மதத்தாரும் உண்டு. மொழியைப் புகழ்கிற பாட்டு கூடவே கூடாது. மொத்தத்தில், வாயைக் கட்டிவிட்டு விருந்துக்கு அழைத்த கதைதான்.

"சொல்லே இல்லாத பாட்டாப் போடுங்க. ஆனா நம்ம ஊரு வாசம் இருக்கணும்" என்று முடித்தார்.

வீட்டை விட்டுக் கிளம்பும்போது மனைவி சொன்னாள்: "பாட்டுப் போடுறேன்னு காரியத்தக் கெடுத்துப்புடாதீக. ஜீப்பு ஓடணும்."

நாகஸ்வரத்தில் வாசித்த கும்மி மெட்டு ஒன்று என்னிடம் இருந்தது. எங்கள் பக்கத்தில் யாரும் எதற்கும் புது மெட்டுப் போடுவதில்லை. தேர்தலோ, பஸ் விடச் சொல்லி மனுவோ, எல்லாவற்றுக்கும் அந்தக் கும்மி மெட்டில்தான் சொல் கட்டுவோம். அணைத் தண்ணீர் கேட்டு நாங்கள் போன ஊர்வலத்துக்கும் அப்படித்தான். அந்தச் சொல்லைக் கட்டியவன் நான். தண்ணீரை மறிக்கிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள் தாகத்தில் தவிக்கட்டும் என்று அதில் ஒரு சாபம் வரும். அந்த இடத்தில் கைதட்டல் பறக்கும். செல்போன் வழியாக அது மலைக்கு மேலேயும் போய்விட்டது.

இவ்வளவும் தெரிந்துதான் அந்த மெட்டை எடுத்தேன். சொல்லை எடுத்துவிட்டால் மெட்டு என்ன பாவம் செய்தது என்று எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், பெரிய மனிதர்கள் கூடும் சபையில் நம் பாட்டு ஒலிக்கட்டுமே என்ற நப்பாசையும் இருந்தது. ஆசை வெட்கமறியாது.

அந்தப் பக்கத்து அதிகாரி ஒரு அம்மா. அவர் உள்ளே வரவும் பாட்டைத் தட்டிவிட்டேன். அவர் மேடைக்கு நடந்து போவதற்குள் பின்வரிசை விவசாயிகள் தாளம் தட்டத் தொடங்கிவிட்டார்கள். சத்தமில்லாமல் உதடுகள் அசைந்தன. முதலில் இரண்டு பேர், பிறகு ஒரு வரிசையே. மேடைப்படியில் கால் வைத்த அம்மா அப்படியே நின்றார்.

"இது எங்களத் திட்டுற பாட்டு அல்லே?" என்று நம் அதிகாரியைப் பார்த்துக் கேட்டார்.

நிறுத்தினேன். அந்தப் பக்கத்து வியாபாரிகள் நாலைந்து பேர் எழுந்து வாசலைப் பார்த்தார்கள். இவர்கள் வெளியே போய்விட்டால் வீட்டில் எந்த முகத்தோடு நுழைவது? மைக்கை எடுத்தேன்.

"அந்தச் சொல்லக் கட்டுனது நாந்தேன். மெட்டு எல்லாருக்கும் பொது. இங்கன போட்டது என் தப்பு. என்னைய என்ன வேணாலும் திட்டுங்க. பொம்பளைக பொழப்பு, ஜீப்ப மட்டும் விட்டுருங்க."

யாரோ சிரித்தார்கள். அந்த அம்மா மேடையேறி உட்கார்ந்தார். எழுந்தவர்களும் உட்கார்ந்தார்கள். மதியத்துக்குள் முடிவாகிவிட்டது, திங்கட்கிழமை முதல் ஜீப் ஓடும். நம் வியாபாரிகள் எனக்குத் துண்டு போர்த்தினார்கள். துண்டோடு வீட்டுக்குப் போனேன்.

மனைவி வாசலில் நின்றாள். மண்டபத்துக்கு வெளியே நான் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் தெரு முழுக்கக் கேட்டிருக்கிறது.

"நல்ல காரியந்தேன் செஞ்சீக" என்றாள். முகத்தில் சந்தோஷம் தெரியவில்லை. "அங்கன எங்கூடச் சேந்து ஏலக்காய் எடுக்குற சேச்சி, ஜீப்பு நிக்கிறதுக்கு மொத நாளு செல்போன்ல அந்தப் பாட்டக் காட்டி, 'இதக் கட்டுனது யாருடீ'ன்னு கேட்டா. தெரியாதுன்னுட்டேன். மூணு வருசமா அவ கஞ்சியத்தேன் நானும் குடிக்கேன். இப்ப ஊருக்கே மைக்குல சொல்லிப்புட்டீக. திங்கக்கெழம அவ மொகத்துல எப்பிடி முழிக்க?"

எனக்குக் கோபம் வந்தது. "ஜீப்பு ஓடணும்னு சொன்னவ நீதான?" என்று கத்தினேன்.

திங்கட்கிழமை முதல் ஜீப்பிலேயே போனாள். சாயங்காலம் திரும்பி வந்து கால் கழுவிக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"சேச்சிக்குத் தெரிஞ்சு போச்சா?"

"தெரியும்."

"என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. காய் எடுத்துக்கிட்டே அந்தப் பாட்டப் பாடுனா. மொதல்ல இருந்து கடைசி வரைக்கும். பிள்ளைகளப் பத்தி வருதுல்ல, அதையும். ஒரு சொல்லு தப்பல."

"பெறகு?"

"பெறகென்ன, மத்தியானம் தூக்குவாளியத் தொறந்தா. எப்பவும் போல எனக்குத்தேன் மொதல்ல ஊத்துனா."

நான் கட்டிய பாட்டை அந்தப் பக்கத்துக்காரி ஒருத்தி மனப்பாடமாகப் பாடியிருக்கிறாள். பாட்டுக் கட்டுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.