ஊர் வரலாற்றில் ஒரு பக்கம்

எங்கள் குப்பத்து வரலாற்றைப் புத்தகமாக்கும் குழுவுக்கு ஊர்த் தலைவர்தான் பொறுப்பு. நான் எழுதிக் கொடுப்பவன். தலைவர் எப்போதும் தேய்த்த வெள்ளைச் சட்டையில்தான் இருப்பார். நான் எழுதியதில் எதையாவது அடிக்குமுன் சிவப்புப் பேனாவின் மூடியைப் பல்லால் கழற்றுவார்.

அச்சுச் செலவுக்கு வீடு வீடாக வசூலித்தோம். குப்பத்துக்கு வெளியே குடியிருந்து, வலை போடும் உரிமை இல்லாமல் ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கும் சனத்தில் ஒரு பெண், காசுக்குப் பதிலாக அன்று பிடித்தது மொத்தத்தையும் கொண்டுவந்து கொடுத்தாள்.

"எங்க ஆளுங்க பேரு வருமா தலைவரே?"

"வராம இன்னா? எல்லாம் எழுதியாச்சு."

அவள் கும்பிட்டுப் போனதும் மூடியைப் பல்லால் கழற்றினார். அவர்களைப் பற்றி நான் எழுதியிருந்த பக்கத்தைக் குறுக்கே அடித்தார்.

"இன்னா தலைவரே, இப்பதானே வரும்னு சொன்னீங்க?"

"புக்குல இருந்தா, நாங்களும் பூர்வீகம்னு நாளைக்கு ஏரியில வலை போடப் பங்கு கேப்பாங்கடா."

மதியம் தலைவர் வீட்டில் அந்த இறாலைத்தான் வறுத்தார்கள். பெரியதாகப் பொறுக்கி என் இலையில் அவரே வைத்தார். எனக்கு ஏன் இந்த உபசாரம் என்று புரியாமலே சாப்பிட்டேன்.

வெளியீட்டன்று முதல் பிரதியை அவளுக்கே கொடுத்தார். படிக்கத் தெரியாத அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"எங்க பேரு எங்கண்ணா இருக்குது?"

தலைவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஏதோ ஒரு பக்கத்தைப் புரட்டிக் காட்டினேன்.