இருபத்தாறாவது ஆள்

எண்களை நம்பினால் மோசம் போக மாட்டோம் என்பது என் கட்சி. பள்ளியில் கணக்கு நடத்துகிறவள் வேறு எதை நம்ப முடியும்?

மகளின் நிக்காஹ் முடிந்த மறுநாள், மேலப்பாளையத்தில் எங்கள் வீட்டில் பெண்களுக்கு மட்டும் விருந்து. எங்களில் சஹன் சாப்பாடு. பெரிய தட்டில் சோற்றையும் கறியையும் கொட்டி, சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவோம். யார் யாரோடு உட்கார்வது என்று பிரிப்பது வீட்டுக்காரியின் வேலை. அந்த வேலையில் எனக்கு ஒரு உள்நோக்கம் இருந்தது.

லாத்தாவும், அதாவது என் அக்காவும், அண்ணன் மனைவியான மதினியும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். மதினி புது வீட்டுக்குக் குடிபோனபோது லாத்தாவை நேரில் வந்து அழைக்காமல் வாட்ஸ்அப்பில் அழைப்பு அனுப்பிவிட்டாள். ஊர் உலகத்துக்கு அனுப்பியதைத் தனக்கும் அனுப்பினாளே என்று லாத்தாவுக்குப் பொறுக்கவில்லை. அன்றிலிருந்து பெருநாளைக்கு நான் இரண்டு வீட்டுக்கும் தனித்தனியாக ஓடினேன். எனக்கு இரண்டு பேரும் வேண்டும். அதுவும் ஒரே வீட்டில் வேண்டும்.

என்னோடு சேர்த்து இருபத்தைந்து பேர். ஐந்தின் வர்க்கம். ஐந்து பகா எண் என்பதால் இருபத்தைந்துக்கு ஒன்று, ஐந்து, இருபத்தைந்து என மூன்றே காரணிகள். சமமாகப் பிரிக்க ஒரே வழிதான். ஐந்து சஹன், சஹனுக்கு ஐந்து பேர். இருபத்துநான்கு என்றால் இரண்டிரண்டாய், மும்மூன்றாய், நான்கு நான்காய் எப்படியும் நழுவிவிடுவார்கள். இங்கே நழுவ இடமே கிடையாது. இருவரையும் என் சஹனில் போட்டேன்.

பிஸ்மி சொல்லிச் சாப்பாட்டில் கை வைக்கப் போகிற நேரத்தில் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. பாளையங்கோட்டையிலிருந்து என்னோடு கணக்கு நடத்துகிற டீச்சர். வர முடியாது என்று சொல்லியிருந்தவள், ஞாயிறு ஆராதனை முடிந்து நேரே வந்திருந்தாள்.

லாத்தா சட்டென்று எழுந்துவிட்டாள். "டீச்சர் என் எடத்துல உக்காரட்டும். நான் பெறவு சாப்புட்டுக்கிடுதேன்."

என்னிடமா வேலையைக் காட்டுவது? "விருந்தாளி எந்திரிக்கக் கூடாது லாத்தா. நான் பரிமாறிட்டுப் பெறவு சாப்புடுதேன்" என்று டீச்சரை என் இடத்தில் உட்கார வைத்தேன். மறுபடி இருபத்தைந்து.

டீச்சர் என் காதருகே சொன்னாள். "இருபத்தாறாவது ஆளா நின்னுட்டியே. இந்தப் பக்கம் அஞ்சோட வர்க்கம், அந்தப் பக்கம் மூணோட கனம். அப்படி நடுவுல மாட்டுன எண் வேற எதுவுமே கெடையாது தெரியுமா?"

தெரியும். அண்ணன் வீட்டுக்கும் அக்கா வீட்டுக்கும் நடுவில் நிற்கிறவளுக்கு அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

என் கணக்கு ஓர் இடத்தில் உதைத்தது. ஐந்து பேர் வட்டமாக உட்கார்ந்தால், வேண்டாத இருவர் நடுவே ஆளை வைத்துக்கொள்ளலாம். இருவருக்கும் நடுவே டீச்சர் அகப்பட்டாள். "டீச்சர், அங்கன இருக்க ஊறுகாய இங்கன தள்ளச் சொல்லுங்க" என்றாள் லாத்தா. டீச்சர் ஊறுகாயைத் தள்ளித் தள்ளியே சோற்றை மறந்தாள். ஒரே தட்டில் கை வைத்தும் இருவரும் நிமிர்ந்து பார்த்துக்கொள்ளவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது.

எல்லோரும் கை கழுவிய பிறகு நான் தனியாக ஒரு சஹனை எடுத்து வைத்து உட்கார்ந்தேன். எங்களில் சஹனில் தனியாக உட்கார்ந்து சாப்பிட விடமாட்டார்கள். முதலில் லாத்தா வந்தாள். "கல்யாண வீட்டுக்காரி தனியா உக்காந்து திங்குதாளா?" என்று என்னோடு ஒரு வாய் சாப்பிடப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அது காதில் விழுந்ததோ என்னவோ, அடுப்படியிலிருந்து மதினியும் வந்து மறுபக்கம் உட்கார்ந்தாள். வந்த பிறகு யாரும் முதலில் எழுந்திருக்க முடியாது. அது என்மீதான பாசத்தில் யார் குறைவு என்ற போட்டியாகிவிடும்.

மூன்று பேர் வட்டமாக உட்கார்ந்தால் ஒவ்வொருத்திக்கும் மற்ற இருவரும் பக்கத்து ஆள்தான். நடுவில் வைக்க ஆள் மிச்சமில்லை.

சாப்பாட்டை உப்பில் தொடங்குவது எங்கள் வழக்கம். உப்புக் கிண்ணம் மதினி பக்கம் இருந்தது. லாத்தா என்னைப் பார்த்தாள். முன்னமே உப்பைத் தொட்டுவிட்ட நான் வாய் நிறையச் சோற்றை அடைத்துக்கொண்டேன்.

கடைசியில் லாத்தாவே சொன்னாள். "உப்ப இங்கன தள்ளு புள்ள."

மதினி கிண்ணத்தைத் தள்ளினாள். ஆனால் கையை எடுக்கவில்லை.

"ஒங்களுக்குப் பிரஷர் இருக்குல்லா லாத்தா. பைய, நுனி விரல்ல தொட்டா போதும்."