முசாங் குட்டி போட்ட கூரை

"தீபாவளிக்கு அடுத்த வாரம், வெள்ளி. காலையில் மழை. தங்கைக்கு இன்றும் பாண்டான் வாசம் அடிக்கிறதாம். எனக்கு அடிக்கவில்லை."

என் டைரியில் அந்த நாளுக்கு இவ்வளவுதான் இருக்கிறது. தங்கைக்கு அப்போது எட்டாம் மாதம். முதல் பிள்ளை பாதியிலேயே தங்காமல் போய்விட்டதால், இந்த முறை பிரசவம் முடியும்வரை துணைக்கு இருக்கலாமென்று பாடாங் செராயில் அவள் வீட்டுக்கு வந்திருந்தேன். வரிசை வீடுகளில் அதுதான் கடைசி. பின்சுவருக்கு அப்பால் செம்பனைத் தோட்டம்.

"யாரு வீட்டுல நாசி லெமாக் பண்றாங்க?" என்று கேட்டுக்கொண்டே ஜன்னல் ஜன்னலாகப் போய் நிற்பாள். பாண்டான் இலை போட்டு வேகவைக்கும் தேங்காய்ப்பால் சோறு அது.

"பசிச்சா வாசம் வரும்லா. நேத்து டுரியான் வாசம்னே, அதுவும் வரல," என்பார் அவள் கணவர்.

பக்கத்து வீட்டு மலாய் அம்மாதான் துணி காயப்போட வந்தவர், எங்கள் கூரையைக் கை காட்டி "முசாங்" என்றார். மரநாய். அதன் உடம்பு வாசம் பாண்டான் இலை வாசம்தான் என்று எங்கேயோ படித்திருக்கிறேன், அதுவரை நினைவுக்கு வரவில்லை. போய்ப் பார்த்தால், பின்பக்கம் கூரைக்கடியில் பலகை உடைந்து ஒரு ஓட்டை. அதற்குக் கீழே எச்சத்தில் செம்பனைக் கொட்டைகள்.

தங்கை கணவர் அன்றைக்கே சுத்தியலை எடுத்தார். அவள் விடவில்லை.

"பொண்டாட்டி மாசமா இருக்கும்போது புருஷன் ஓட்டையை அடைக்கக் கூடாது. பிரசவம் அடைச்சுக்கும்."

"அப்போ அது மேல குடும்பம் நடத்தட்டும்."

"நடத்தட்டுமே. வாடகையா கேக்கப்போறீங்க?"

எங்கள் ஆட்களிலும் மலாய்க்காரர்களிலும் இந்த விலக்கு உண்டு. நான் நம்புகிறேனா என்று யாராவது கேட்டால் உடனே பதில் சொல்ல வராது. ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் அதை விவாதிக்கவும் தோன்றவில்லை.

ஆனால் அவருக்கு ஒரு யோசனை வந்துவிட்டது. மறுநாள் மாலை தொழிற்சாலையில் கூட வேலை செய்யும் நண்பரைக் கூட்டிவந்தார்.

"விலக்கு எனக்குத்தானே? இவனுக்குப் பொண்டாட்டியே இல்ல."

"எனக்குப் பொண்ணே அமையல அண்ணி," என்றார் நண்பர். "இதுக்கு மேல எது அடைக்கப்போகுது?"

தங்கை சிரித்துவிட்டாள். "சரி, அடிங்க," என்றாள்.

இருட்டத் தொடங்கியதும் முசாங் வெளியே வந்து, சுவர்மேல் நடந்து தோட்டத்துக்குள் இறங்கியது. உள்ளே இருந்தது அது ஒன்றுதான் என்று நாங்கள் எல்லோருமே நினைத்தோம். நண்பர் பலகையை வைத்து ஆணி அடித்து, தேநீர் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது மேலே சத்தம். ஈர விரலால் கண்ணாடியைத் தேய்ப்பதுபோல் மெல்லிய கீச்சு. தங்கை இடுப்பைப் பிடித்துக்கொண்டு, அண்ணாந்தபடி அறை அறையாக நடந்தாள்.

"குட்டி போட்டிருக்கு அக்கா. ஒண்ணு இல்ல, மூணு குரல்."

எனக்கு எல்லாம் ஒரே குரலாகத்தான் கேட்டது.

"காலையில பாத்துக்கலாம்," என்றார் கணவர்.

"தாய் வெளிய, பிள்ளைங்க உள்ள. நான் எப்படிங்க படுப்பேன்? சரி, அடிங்கன்னு சொன்னது நான்."

அவர் நண்பரைக் கூப்பிடக் கைபேசியை எடுத்தார்.

"அவரைக் கூப்பிடாதீங்க. அடைக்கத்தான் கூடாது. திறக்கணும்னா நீங்கதான் திறக்கணும்."

அதுவும் வழக்கத்தில் உள்ளதுதான். பிரசவம் தாமதமானால் கதவு, பெட்டி, முடிச்சு எல்லாவற்றையும் திறந்துவிடச் சொல்வார்கள். அவர் ஏணியில் ஏறினார். ஆணிகள் புதியவை, சுலபத்தில் வரவில்லை. பலகை கையோடு வந்தபோது, முசாங் சுவர்மேல் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. ஓடவில்லை. பின்விளக்கை அணைத்துவிட்டு நாங்கள் உள்ளே போய்விட்டோம்.

இந்த விலங்கைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் பிறகு தேடிப் படித்தேன். உயரமான, இருட்டான பொந்தில் தனியாகப் பெறுமாம். ஆண் துணைக்கு இருக்காதாம். இடம் தெரிந்துவிட்டது என்று பட்டால், குட்டிகளை வாயில் கவ்வி வேறிடம் கொண்டுபோகுமாம். பெறுகிற நேரத்தை அது யாருக்கும் காட்டுவதில்லை. தங்கையும் இந்த முறை ஐந்தாம் மாதம்வரை என்னிடம்கூடச் சொல்லவில்லை. காய்கறி வாங்கப் பாசாருக்குப் பெரிய சட்டை போட்டுக்கொண்டு போய்வந்திருக்கிறாள். அவளுக்கு வெட்கம் என்று அப்போது நினைத்தேன். அது வெட்கம் இல்லை.

விடியும் நேரத்தில் ஜன்னலருகே நின்றிருந்தேன். தாய் பின்கழுத்தைக் கவ்வி ஒரு குட்டியைச் சுவர்மேல் தூக்கிப்போனது. திரும்பி வந்து இன்னொன்றை எடுத்துப்போனது. அப்போது தங்கைக்கு இடுப்பு வலித்து, வெந்நீர் ஒத்தடத்துக்கு என்னைக் கூப்பிட்டாள். கொடுத்துவிட்டு நான் வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. சுவர்மேல் எதுவும் இல்லை. மேலே சத்தமும் இல்லை.

அதைப் பற்றி அவள் அதன்பின் பேசவே இல்லை. ஆனால் சாப்பிடும்போதுகூடப் பாதியில் நிறுத்திக் காது கொடுப்பாள்.

பெண் குழந்தை உரிய மாதத்தில் சிக்கலில்லாமல் பிறந்தது. வார்டில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அவள் என்னிடம் முதலில் கேட்டது இதைத்தான்:

"அக்கா, மூணாவதையும் தூக்கிட்டுப் போயிருக்கும்ல?"

அவள் கணவர் டார்ச்சோடு கூரைக்குள் ஏறிப் பார்த்திருந்தார். கொஞ்சம் முடி, கொட்டைகள், வேறு ஒன்றுமில்லை. அழுகல் வாடையும் இல்லை. அதை அப்படியே சொன்னேன்.

"அப்போ போயிருச்சு," என்று பிள்ளையைப் பார்த்துச் சொன்னாள்.

நான் பார்த்தது இரண்டு குட்டிகள். மூன்றாவது ஒன்று இருந்ததா, இருந்திருந்தால் தாய் அதை எடுத்துப்போனதா என்பதை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.