நடுக்க மாத்திரை மட்டும் போதுமுங்க

மருந்துக்கடையில் பூட்டி வைக்கிற மருந்துகளால் தொல்லையே கிடையாது. பூட்டாத அலமாரியில் சாதுவாகப் படுத்திருக்கிறதே, அதுதான் உயிரை வாங்கும். காந்திபுரத்தில் மனநல டாக்டர் ஒருவரின் கிளினிக்குக்குக் கீழேயே எங்கள் கடை. பதினோரு வருஷமாக அங்கே நான் பார்மசிஸ்ட். என்னைப் போலவே நாள் முழுக்க நின்று கால் வீங்கியவர்களே, உங்களுக்கு இதெல்லாம் புதிதாக இருக்காது.

எந்தக் கை?

மனசுக்குத் தருகிற சில மாத்திரைகள் கையை நடுங்க வைக்கும். அதை அடக்க டாக்டர் கூடவே இன்னொரு மாத்திரை எழுதுவார். சிலருக்கு அந்த இரண்டாவதுதான் பிடித்துப்போகும். லேசாகக் கிறக்கம் தருமாம். தாராபுரத்திலிருந்து வந்த ஒருவர் சீட்டை நீட்டி, "ரெண்டாவது மட்டும் போதுமுங்க" என்றார்.

"மொத மாத்திரையே முழுங்கலீன்னா நடுக்கம் எங்கிருந்துங்க வரும்?" என்றேன். உடனே இடது கையைத் தூக்கி, டவுன் பஸ் ஜன்னல் கண்ணாடி மாதிரி ஆட்டிக் காட்டினார். சீட்டைப் பிடித்திருந்த வலது கை அசையவே இல்லை. அதைச் சுட்டிக் காட்டினேன். கொஞ்சமும் அசராமல் சொன்னார்: "அது டாக்டர் முன்னாடி மட்டுந்தானுங்க ஆடும்."

முகூர்த்தத் தூக்கம்

பவானியிலிருந்து மாதம் ஒருமுறை வருகிற அம்மா ஒருவர், படபடப்புக்கு முப்பது மாத்திரை வாங்கிப்போய்ப் பத்தே நாளில் மறுபடி வந்து நின்றார். எனக்குப் பகீரென்றது. "அத்தனையும் நீங்களேவா முழுங்குனீங்க?"

"ஐயோ, இல்லீங்க அம்மணி. மகனுக்குக் கல்யாணம். படபடன்னு வருதுன்னு சொன்னவங்களுக்கெல்லாம் ஒண்ணொண்ணு குடுத்தனுங்க."

அதில் ஒன்றை விழுங்கிய சம்பந்தியம்மா மேடையில் உட்கார்ந்தபடியே தூங்கி, பெற்ற மகளுக்குத் தாலி ஏறியதையே பார்க்கவில்லையாம். இது உங்களுக்கென்று அளந்து எழுதியது, அடுத்தவருக்கு ஆபத்து என்று பத்து நிமிஷம் பாடம் நடத்தினேன். பொறுமையாகத் தலையாட்டிவிட்டுச் சொன்னார்: "சண்டையில்லாம முடிஞ்ச கல்யாணம் எங்க சொந்தத்துல இதொண்ணுதானுங்க."

கெஞ்சல்

இதற்குச் சிரிப்பு வராது. செந்தில் லேத் பட்டறைக்காரர், முப்பது வயசு. அதே நடுக்க மாத்திரைக்குத்தான் வருவார். சீட்டை மறந்துபோட்டேன் என்றபோது இரண்டு தடவை நானும் கொடுத்தேன், தெரிந்த முகம்தானே. மூன்றாம் தடவை சீட்டோடு வந்தார். அதில் பத்துக்குப் பக்கத்தில் வேறு மையில் ஒரு சைபர். மறுத்தேன். கவுன்டர் கண்ணாடியை ஓங்கித் தட்டிவிட்டுப் போனார். கடை முதலாளி பஷீர் பாய் மாடியேறி டாக்டரிடம் சொன்னார். டாக்டர் செந்தில் வீட்டுக்குப் போன் போட்டபோது, அவர் ஏற்கெனவே ஆஸ்பத்திரியில். வேறெங்கெங்கோ வாங்கி விழுங்கிவிட்டு, சுவரில் இல்லாத பூச்சியைப் பொறுக்கிக்கொண்டிருந்தாராம். முதல் இரண்டு தடவை கொடுத்தது என் கைதானே.

மூன்று வாரம் கழித்து மனைவியோடு வந்தார். பாதியாக இளைத்திருந்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். வேண்டாமென்று கையைக் காட்டிவிட்டுச் சொன்னார்: "இனி எங்கூட்டுக்காரி கையில மட்டும் குடுங்க. நான் வந்து கெஞ்சுனாக் குடுத்துப்போடாதீங்க; நான் நல்லாக் கெஞ்சுவேனுங்க."

ஆக, 'இருக்குங்க' என்று சொல்ல யாராலும் முடியும். 'இல்லீங்க' என்று சொல்வதற்குத்தான் என்னை இரண்டு வருஷம் பார்மசி படிக்க வைத்தார்கள் போலிருக்கிறது.