இரண்டாவது தட்டு

இலங்கை மலைநாட்டு ஊரான எல்லவில் நான் வேலை பார்த்த கடையை நினைத்தால் முதலில் வருவது அந்த வெள்ளைப் பீங்கான் தட்டுகள்தான். காலையில் கழுவி அடுக்கி வைப்பேன். ஜன்னல் வழியாக மேகம் நுழைந்து அவற்றின்மேல் ஈரமாகப் படியும். மறுபடியும் துடைப்பேன். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருஷங்கள் அவை. இஸ்ரேலிலிருந்து வரும் பயணிகளுக்காக அந்த நாட்டுப் பெண்மணி ஒருவர் ஆறு மேசை போட்டு நடத்திய கடை. மேடம் என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். சாப்பாடு எல்லாம் கோஷர், அதாவது யூதர்களின் மத விதிப்படி சமைத்தது. இறைச்சியும் பாலும் ஒன்று சேரக்கூடாது; சேர்ந்துவிட்டால் அந்தப் பீங்கானைக் கழுவியும் பயனில்லை, கழித்துவிட வேண்டும். அங்கே கோழி சமைத்ததால் ஒரு சொட்டுப் பால்கூட வாசலைத் தாண்டாது. பால் டீ இல்லாத கடையும் ஒரு கடையா என்று எனக்குச் சிரிப்பு வரும்.

பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த அம்மாவை ஒரு நாளாவது அங்கே உட்காரவைத்துச் சாப்பாடு போட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அம்மா கடைக்குள் உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை. அவருடைய சின்ன வயதில் டவுன் கடை ஒன்றில் தோட்டத்து ஆட்களுக்கென்று தனி கிளாஸ் மாட்டியிருந்தார்களாம். குடித்துவிட்டு அவர்களே கழுவி மாட்ட வேண்டுமாம். அதன்பிறகு எந்தக் கடையானாலும் அம்மாவுக்கு வாசலோடு சரி. கெஞ்சிக் கூத்தாடித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டி வந்தேன்.

மேடம் தானே பரிமாறினார். மஞ்சள் சோறும் வறுத்த கோழியும். வெளியே மலை இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத வெள்ளை. கனவில் உட்கார்ந்திருப்பவரைப் போல அம்மா மெதுவாகச் சாப்பிட்டார். நான் ரொட்டி எடுக்க உள்ளே போன நேரத்தில், எனக்காகக் கொண்டுவந்த தயிர்ப் போத்தலைத் திறந்து சோற்றில் ஊற்றிக்கொண்டார். எங்கள் வீட்டுப் பசுவின் தயிர். அது இல்லாமல் அவருக்குச் சாப்பாடு முடியாது.

மேடம் ஓடி வந்தார். தட்டைப் பேப்பரால் பிடித்துத் தூக்கிப் போய், பின்வாசலில் கழித்த சாமான் போடும் பெட்டியில் வைத்தார். அவர் முகத்தில் இருந்தது பதற்றம்தான், கோபமில்லை. அம்மாவுக்கு அது தெரிய வழியில்லை. அந்த விதியைச் சொல்லியிருக்க வேண்டியவள் நான். எட்டு மாதமாகப் பழகிப்போனதில் சொல்லவே தோன்றவில்லை.

அம்மா எழுந்து போய்ப் பெட்டியிலிருந்து அந்தத் தட்டை எடுத்தார். வெளிக் குழாயடியில் வைத்துத் தேய்க்கத் தொடங்கினார்.

"நான் தொட்ட தட்டுதானே. நானே கழுவி வச்சிட்டுப் போறேன்," என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

அந்தத் தனி கிளாஸ் எனக்கு நினைவுக்கு வந்தது. வேலை போய்விடுமோ என்ற எண்ணமும் கூடவே வந்தது. அதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அம்மா ஏன் கழுவுகிறார் என்று மேடம் கேட்டார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் டவுன் கடைக் கிளாஸைப் பற்றிச் சொன்னேன். அவர் அதே பெட்டியிலிருந்து உடையாத இன்னொரு தட்டை எடுத்துக் காட்டினார். அதில் அவருடைய மகன் மறந்துபோய் வெளியே வாங்கிய வெண்ணெயை வைத்துவிட்டானாம். யார் செய்தாலும் இதேதான், தானே செய்தாலும் இதேதான் என்று அம்மாவிடம் சொல்லச் சொன்னார். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.

அம்மா இரண்டு தட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கை பட்டதுக்கு இல்லையா?"

"இல்லம்மா. தயிர் பட்டதுக்கு."

குழாயை மூடிவிட்டுச் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப இன்னொரு தட்டுல போடச் சொல்லு. பசி அடங்கல."

நான் அடுக்கி வைத்ததிலிருந்து மேடம் இரண்டு தட்டுகளை எடுத்தார். ஒன்றில் அம்மாவுக்குப் போட்டார். மற்றதில் தனக்கும் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாது. இரண்டு பேரும் சாப்பிட்டார்கள்.

இப்போது அந்த இடத்தில் அறைகள் வாடகைக்கு விடுகிறார்கள். அம்மாவும் இல்லை. அன்றைக்குச் சாப்பிட்டு முடித்ததும் அம்மா பழக்கத்தில் தட்டைக் கையில் எடுத்தார். ஒரு நொடி யோசித்தார். பிறகு அதை மேசையிலேயே வைத்துவிட்டுக் கை கழுவப் போனார்.