கொலைக்கதை வாசித்த அம்மாள்

திருப்பதி மருத்துவமனை ஒன்றில் என் மனைவிக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தபோது, வெளியே பக்கத்து நாற்காலியில் அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தார். தடித்த கண்ணாடி, ஒரு காதில் தொங்கும் முகக்கவசம், கையில் மர்ம நாவல். அவர் கணவரும் உள்ளேதான் இருந்தார். இந்த நேரத்தில் எப்படிக் கதை படிக்க முடிகிறது என்று எனக்கு எரிச்சலாகவே இருந்தது.

அவர் கடைசிப் பக்கத்தை முதலில் படித்துவிட்டு, பிறகுதான் ஆரம்பத்துக்கு வந்தார். ஏன் என்று கேட்டேன்.

“எனுக்கு பயம்ண்ணா. கொலகாரன் மாட்டிக்கினான்னு தெரிஞ்சாதான் தைரியமா படிப்பேன்.”

நான் ஆபரேஷன் அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்ததை அவர் கவனித்திருக்க வேண்டும். “சும்மா குந்திக்கினு இருந்தா மனசு கண்டதையும் நெனைக்கும். படிக்கறேன், கேளுங்க” என்று தாழ்ந்த குரலில் வாசிக்கத் தொடங்கினார். பூட்டிய அறைக்குள் ஒரு பிணம். கொஞ்ச நேரத்தில் நானே ஆளைக் கண்டுபிடித்துவிட்டேன்.

“மருமகன்தானே?”

“சொல்ல மாட்டேன்” என்று சிரித்தார்.

நர்ஸ் வந்து அவரைக் கூப்பிட்டார். “ஆபரேஷன் பாக ஜரிகிந்தம்மா. போய்ப் பாருங்க” என்று தெலுங்கும் தமிழுமாக நல்ல சேதி சொன்னார். அம்மாள் கண்ணை மூடித் திறந்தார். பிறகு மறுபடி உட்கார்ந்து பக்கத்தைப் புரட்டினார்.

“நீங்க போங்கம்மா” என்றேன்.

“அவரு மயக்கத்துல தூங்கிக்கினு இருப்பாரு. உங்க வீட்டம்மா சேதி வரட்டும்.”

கொலைகாரன் பிடிபடுவதற்குள் எனக்கும் நல்ல சேதி வந்துவிட்டது. நெஞ்சு லேசாகி, நன்றி சொல்லத் திரும்பினேன். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, அந்த அம்மாள் தன் கணவர் இருந்த அறையை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்.