மாதிரி நிரலில் இருந்த பெயர்

தேரோட்டத்தன்று அந்த மில்லுக்குள் நான் போயிருக்கவே கூடாது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர் இழுக்கிறார்கள் என்றால் இராஜபாளையத்து மில்களில் முக்கால்வாசிப் பேர் வேலைக்கு வரமாட்டார்கள். வந்தவர்கள் பக்கத்து மிஷின்களையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார்கள். உள்வாசலுக்கு மேலே ஒரு பெரிய திரை. எந்த மிஷினில் யார் நிற்கிறார்கள் என்று காட்டுவது. அன்று அதில் மேலிருந்து கீழ்வரை, அங்கொன்று இங்கொன்று நீங்கலாக, ஒரே பெயர்தான் இருந்தது. அந்தப் பெயருக்கு உரியவரை அதற்கு முந்தைய மாதம்தான் சேத்தூரில் தகனம் செய்துவிட்டு வந்திருந்தோம். பேய் பிசாசை நம்புகிறவன் இல்லை நான். அந்தப் பெயர் அங்கே எப்படி வந்தது என்பதும் கொஞ்ச நேரத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் புரிந்த பிறகுதான் பயம் கூடியது.

அந்தப் பெயருக்கு உரியவர் எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் அக்கா. என்னைவிட வயதில் இளையவர்தான்; ஆனாலும் ஊரோடு ஒட்டி நானும் அப்படியே கூப்பிடுவேன். "நான் அக்கான்னா நீங்க இன்னும் பால்குடி மறக்கலையா சார்?" என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் வேலையைப் பார்ப்பார். எங்களுடையது சின்னக் கம்பெனி. நூற்பு மிஷின்களில் எவ்வளவு நூல் ஓடுகிறது, எத்தனை முறை அறுகிறது, யார் பொறுப்பில் இருக்கிறது என்பதையெல்லாம் ஒரே இடத்தில் காட்டும் மென்பொருள் செய்கிறோம். அதை மிஷின்களோடு இணைப்பது அந்தந்த மில் அமர்த்தும் டெவலப்பர்களின் வேலை. அவர்கள் படித்துப் பார்த்துச் செய்வதற்கான வழிமுறைகளும் மாதிரி நிரல்களும் கொண்ட இணையதளத்தை, டாக்ஸ் தளம் என்று நாங்கள் சொல்வதை, அக்காதான் தனியாளாக உருவாக்கினார். அதற்கு முன்பு எங்களிடம் இருந்ததெல்லாம் யாரோ எப்போதோ எழுதிய நான்கு மின்னஞ்சல்கள்தான். தமிழில் பாதி, ஆங்கிலத்தில் பாதியாகப் பக்கங்களை எழுதி, தேடுபெட்டி வைத்து, ஒவ்வொரு மாதிரி நிரலின் மூலையிலும் ஒரு நகலெடுக்கும் பொத்தானையும் வைத்தார். ஒரு தட்டு தட்டினால் முழு நிரலும் கையோடு வந்துவிடும். அந்தப் பொத்தானில் அவருக்குப் பெருமை அதிகம்.

தளத்தை உருவாக்குவது பெரிய காரியமில்லை, அதைக் கட்டிக் காப்பதுதான் பாடு என்பார். "வீடு கூட்டுற மாதிரிதான் சார். கூட்டி முடிச்சுத் திரும்புறதுக்குள்ள குப்பை சேந்துரும்." மென்பொருளில் நாங்கள் எதையாவது மாற்றிவிட்டு அவரிடம் சொல்ல மறந்தால் தீர்ந்தது, அன்று முழுதும் யார் முகத்தையும் பார்க்கமாட்டார். வெள்ளிக்கிழமை தவறாமல் எல்லா மாதிரி நிரல்களையும் தானே ஓட்டிப் பார்ப்பார்.

வேலையாள் தன் கார்டை மிஷினில் காட்டினால் திரையில் அவர் பெயர் வரும். யாருமே காட்டாவிட்டால் என்ன பெயர் வரவேண்டும் என்பதற்கு ஒரு வரி உண்டு. மாதிரி நிரலில் அந்த இடத்தில் ஏபிசி என்று போட்டுவிடலாமே என்றேன். "ஏபிசின்னு யாராச்சும் மில்லு வேலைக்கு வருவாகளா? படிக்கிறவனுக்கு ஒரு ஆளு நிக்கிற மாதிரி இருக்கணும் சார். அடுத்தவுக பேரப் போட்டு வம்ப விலைக்கு வாங்கவா? எம்பேரே இருக்கட்டும்." கீழே தடித்த எழுத்தில், உங்கள் மில்லுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளவும் என்றும் எழுதினார். அந்த வரியை ஒருவரும் படிக்கவில்லை. பொத்தானைத் தட்டினார்கள், நகலெடுத்தார்கள், ஒட்டினார்கள், போய்விட்டார்கள். எந்த மில்லில் யார் வராவிட்டாலும் அந்த இடத்தில் அக்கா நின்றார். இது தெரிய வந்தபோது அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஒரே நேரத்துல எம்புட்டு மில்லுல நிக்கேன் பாத்தீகளா!" அந்த வெள்ளிக்கிழமை மாற்றிவிடுவதாகச் சொன்னார். காய்ச்சல் என்று வீட்டுக்குப் போனவர் திரும்பி வரவில்லை.

தேரோட்டத்தன்று அந்தத் திரைக்குக் கீழே நான் அண்ணாந்து நின்றபோது பின்னாலிருந்து யாரோ "தம்பி" என்றார்கள். அக்காவின் அம்மா. அந்த மில்லில்தான் நூலைக் கோனில் சுற்றும் பகுதியில் வேலை பார்க்கிறார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். தலையெல்லாம் பஞ்சு. முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு செத்த நேரம் இருமினார். பிறகு திரையைக் காட்டினார்.

"எம்மக மில்லு வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னுதான் தம்பி, நான் இந்தப் பஞ்சத் தின்னு அவளப் படிக்க வெச்சேன். இப்ப பாருங்க. யாரு லீவு போட்டாலும் அவளக் கொண்டாந்து நிறுத்துதாக. மூணு ஷிப்டும் நிக்கா."

அது மாதிரிக்கு எழுதிய பெயர், கம்ப்யூட்டர் தானாகப் போட்டுக்கொள்கிறது என்று எனக்குத் தெரிந்த விதத்தில் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அதெல்லாம் சரி தம்பி. உடம்புக்கு முடியலன்னு டாக்டர் என்னைய ஓய்வெடுக்கச் சொல்லிட்டாரு. நான் எப்படி லீவு போடுவேன்? நான் வரலைன்னா எம் மிஷின்ல அவதான நிக்கணும்?" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவள வீட்டுக்கு அனுப்பிருங்க."

அந்தக் கை அனலாகக் கொதித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் டாக்ஸ் தளத்தில் அந்த மாதிரி நிரல் இருந்த பக்கத்தைத் திறந்தேன். அக்காவின் பெயரை அழிப்பது ஒரு நொடி வேலை; வேறு யார் பெயரைப் போடுவது என்பதில்தான் சிக்கிக்கொண்டேன். நினைவுக்கு வந்த பெயர் ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் பெற்ற பிள்ளையாக இருந்தது. ஏபிசி என்று போடலாமென்றால், ஒரு ஆள் நிற்கிற மாதிரி இருக்கவேண்டும் என்று அக்கா சொன்னது விடவில்லை. காலியாக விட்டாலோ நிரல் பாதியில் நின்றுவிடுகிறது. கடைசியில் என் பெயரையே போட்டேன். மாற்றிக்கொள்ளவும் என்ற வரியைக் கீழிருந்து மேலே தூக்கிவைத்து, சிவப்புக் கட்டமும் போட்டேன். வெளியிட்டதும், பக்கத்தின் அடியில் கடைசியாகத் திருத்தியவர் என்ற இடத்தில் அவர் பெயர் மறைந்து என் பெயர் வந்தது. ஆளில்லாத வீட்டுக்குள் அனுமதி கேட்காமல் நுழைந்துவிட்டவனைப் போல இருந்தது.

ஆனால் டாக்ஸ் தளத்தைத் திருத்தினால் மில்லில் எதுவும் மாறிவிடாது. நகலெடுத்த நிரல்கள் அந்தந்த மில்லின் கணினிகளில் ஓடிக்கொண்டிருந்தன. இங்கிருந்து நாங்கள் கை வைக்க முடியாது. அந்த மில்களின் டெவலப்பர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்தேன். சிலர் உடனே மாற்றினார்கள். அந்த அம்மாவின் மில்லுக்கு வேலை செய்யும் டெவலப்பர் மட்டும் பிடி கொடுக்கவில்லை. "ஓடிட்டு இருக்குறதுல கை வெச்சு நின்னு போச்சுன்னா முதலாளிட்ட யாரு சார் பதில் சொல்றது?" என்றார். சாமி கும்பிடுகிற மாதிரி தினமும் அவருக்குப் போன் போட்டேன். நடுவில் இரண்டொரு முறை மில்லுக்கும் போனேன். ஒவ்வொரு முறையும் திரையில் எங்காவது ஒரு வரியில் அக்கா இருந்தார். அந்த அம்மா இன்னும் மெலிந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தை மட்டும் நிமிர்த்துவார். இன்னும் மாற்றவில்லை என்று தலையாட்டுவேன். மறுபடியும் கோனைப் பார்க்கப் போய்விடுவார்.

ஒரு நாள் அந்த டெவலப்பரே கூப்பிட்டார். "மாத்திட்டேன் சார். உங்க சைட்ல இருக்கிறத அப்படியே எடுத்துப் போட்டுட்டேன்." நன்றி சொல்லி வைத்துவிட்டு, சந்தோஷத்தில் வண்டியை எடுத்துக்கொண்டு நேரே மில்லுக்குப் போனேன். அவர் சொன்ன அந்த "அப்படியே" எனக்கு உறைக்கவே இல்லை.

மதியம் ஷிப்டு மாறும் நேரம். அந்த அம்மா திரைக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். அக்கா எங்கேயும் இல்லை. ஆளில்லாத இரண்டு மிஷின்களுக்கு நேரே என் பெயர் இருந்தது. அது என் பெயர்தான் என்று மனதில் பதியவே எனக்குச் சற்று நேரமானது.

"இது உங்க பேருதான?" என்றார்.

"ஆமாம்மா."

"உங்க அம்மா இருக்காகளா?"

"இருக்காங்க. ஸ்ரீவில்லிபுத்தூர்ல."

"இது அவுக கண்ணுல படாமப் பாத்துக்கிடுங்க தம்பி." சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, எத்தனையோ நாளாக மனதுக்குள் வைத்திருந்ததைச் சொல்பவர்போல, "நாளைக்கு நான் லீவு போடுதேன்" என்றார்.

மறுநாள், அந்த அம்மா லீவு போட்ட அன்று, எனக்கு அலுவலகத்திலேயே வேலை. காலையிலிருந்து நாற்காலியை விட்டு எழுந்த நினைவே இல்லை. சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறும்போது இரண்டு கால்களும் கடுத்தன.